கருவாடு இல்லாத களி

'பாரம்பரிய உணவும் செவ்வியல் இசையும்' என்று அழைப்பிதழ் அடித்து மாலை நிகழ்ச்சி நடத்துவது இப்போது சிறு நகரங்கள் வரை வந்துவிட்ட வழக்கம். ஆறு மணிக்கு வீணையோ வாய்ப்பாட்டோ, எட்டு மணிக்குச் சிறுதானிய விருந்து. 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு கேப்பைக்களிக்கு மேடை மரியாதை கூடிவிட்டது. எலுமிச்சம்பழ அளவில் உருட்டி, மண்கிண்ணத்தில் வைத்து, ஸ்பூனோடு தருகிறார்கள்.

தேனிப் பக்கத்து மானாவாரி ஊர்களில் களி அப்படி வந்ததில்லை. கொதிக்கிற உலையில் மாவைக் கொட்டி, இரண்டு காலாலும் பானையை அணைத்துக்கொண்டு, கட்டி விழாமல் துடுப்பால் கிண்ட வேண்டும். தோள்பட்டை இற்றுப்போகும். கையைத் தண்ணீரில் நனைத்து உருட்டி வைத்தால், நடுவில் குழி பறித்துக் கருவாட்டுக் குழம்பை ஊற்றிக்கொள்வார்கள். மென்றால் பல்லில் ஒட்டும், விழுங்க வேண்டும். விழுங்கவைப்பதே அந்தக் குழம்பின் வேலை. மண்டபத்து விருந்தில் களி உண்டு, கருவாடு கிடையாது. கேட்டால், நிகழ்ச்சி சைவம் என்பார்கள். பாரம்பரியம் எப்போது சைவமானது என்று மேற்கொண்டு கேட்பது விருந்தாளிக்கு அழகில்லை.

1895-இல் முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டு, மேற்கே கடலுக்குப் போன தண்ணீர் மலையைக் குடைந்து கிழக்கே வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் நிலைத்தது. ஆனாலும் வாய்க்கால் எட்டாத ஊர்களில் அரிசிச்சோறு வெகுகாலம் நாள்கிழமைப் பண்டமாகவே இருந்தது. ரேஷன் அரிசி வந்ததும் களிப்பானையைக் கவிழ்த்துவைத்தவர்கள் அதற்காக வருத்தப்படவில்லை. அணை கட்டிய பென்னிகுயிக் பிறந்த ஜனவரி 15 அன்று லோயர் கேம்ப் மணிமண்டபத்தில் பொங்கல் வைக்கிறார்கள். அரிசிப் பொங்கல்தான். நன்றி சரியான தானியத்தில்தான் செலுத்தப்படுகிறது. களியைத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவந்தது பாரம்பரியப் பற்று அல்ல, சர்க்கரை வியாதி.

இசையிலும் இதே பந்திதான். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்குப் போனால், தீச்சட்டி எடுத்து வருகிறவர்களுக்கு முன்னால் உறுமியும் பம்பையும் அதிரும். நையாண்டி மேளத்தில் நாதசுரமும் தவிலும் உண்டு. சந்நிதியில் வாசித்தால் மங்கள இசை. கரகாட்டத்துக்கு வாசித்தால் நாட்டுப்புறக் கலை. ஊதுகிற மூச்சு ஒன்று, நிற்கிற இடம் வேறு. அந்த இடத்தை வகுத்தது ராகம் அல்ல, சாதி என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் யாரும் சொல்வதில்லை.

மேடையில் தமிழ்ப் பாட்டு ஒலிக்க வேண்டும் என்று சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தொடங்கியது 1943-இல். அதே ஆண்டு கம்பம் பள்ளத்தாக்கின் பண்ணைப்புரத்தில் இளையராஜா பிறந்தார். அண்ணன் பாவலர் வரதராசனோடு ஆர்மோனியமும் கையுமாகக் கம்யூனிஸ்ட் மேடைகளில் பாடித் திரிந்தவர், 1985-இல் 'சிந்து பைரவி'யில் ஒரு நாட்டுப்புற மெட்டைத் தியாகராஜரின் 'மரி மரி நின்னே'வோடு சாரமதி ராகத்தில் இணைத்தார். காம்போதிக் கீர்த்தனையை ராகம் மாற்றலாமா என்று சிலர் முகம் சுளித்தார்கள். தேசிய விருது கிடைத்தது. 2025 மார்ச்சில் லண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. இனி பள்ளத்தாக்கில் நடக்கும் எந்த மாலையும் அவர் பெயரைச் சொல்லாமல் தொடங்க முடியாது. அவர் காதில் முதலில் விழுந்த சத்தங்களுக்கு மட்டும் அழைப்பிதழில் இன்னும் இடமில்லை.

விடியுமுன் கம்பத்திலிருந்து குமுளிக்கும் கம்பம்மெட்டுக்கும் ஜீப்புகள் மலையேறுகின்றன. ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள், மடியில் சோற்றுத் தூக்கு. அவர்கள் பறிக்கும் ஏலக்காய் போடி ஏல மையத்தில் தரம் பிரிந்து, எங்கோ ஒரு விருந்தின் பாயசத்தில் மணக்கிறது. பாரம்பரிய உணவின் பட்டியலில் அந்தத் தூக்கை யாரும் திறந்து பார்த்ததில்லை.

இத்தகைய மாலைகள் வேண்டாம் என்று சொல்லமாட்டேன். வீணை நல்ல இசை; களியும் நல்ல உணவு. ஒருமுறையாவது கருவாட்டையும் உறுமியையும் உள்ளே விட்டுப் பார்க்கலாம் என்கிறேன். குளிர்சாதன மண்டபத்தில் கருவாட்டு வாசம் தங்கிவிடும் என்பது அமைப்பாளர்களின் கவலையாக இருக்கும். ஊதுபத்திக்கா பஞ்சம்?