தொடக்கூடாத பக்கம்

எடை குறைந்த தூண்டில் கழிகளைச் சேர்க்கத் தொடங்கிய காலத்தில் என் மேசைமேல் எப்போதும் ஒரு சின்னத் தராசு இருக்கும். புதிதாக ஒரு கழி வந்தால் முதல் வேலை அதை நிறுத்துப் பார்ப்பதுதான். 80 கிராம், 70 கிராம், கடைசியில் 6 அடி நீளமுள்ள ஒரு பழைய மூங்கில் கழி, 54 கிராம். எண் இறங்க இறங்க எனக்குள் ஒரு பூரிப்பு.

ஈத்தூண்டிலில் இந்த ஆசைக்கு நியாயம் உண்டு. நம் ஏரிக்கரைத் தூண்டிலில் ஈயக்குண்டு பறக்கும், தங்கூசி அதன் பின்னால் போகும். இங்கே அது தலைகீழ். முள்ளில் இறகும் பட்டுநூலும் சுற்றிக் கட்டிய பொய் ஈக்கு எடை என்று சொல்ல ஒன்றுமில்லை. தடித்த நூல்தான் பறக்கிறது. ஈ அதன் வாலைப் பற்றிக்கொண்டு போகிறது. மூன்றாம் எண் நூலின் முதல் 30 அடி 100 கிரெயின், அதாவது ஆறரை கிராம். அதைக் காற்றில் முன்னும் பின்னும் ஆட்டி, ஓடையில் ஒரு ட்ரௌட் மீனின் மூக்குக்கு முன்னால் சத்தமில்லாமல் இறக்க வேண்டும். கழி கனத்தால் அந்த ஆறரை கிராமைக் கை உணரவே உணராது.

பிறகு நானே ஒன்று செய்து பார்க்கும் ஆசை வந்தது. இதற்கென்றே பேர்போன மூங்கில் சீனாவின் குவாங்டோங் மாகாணத்தில் விளைகிறது. டோங்கின் மூங்கில் என்பார்கள். அதற்கு முன் அமெரிக்காவில் புழங்கியது கல்கத்தா மூங்கில். பென்சில்வேனியாவின் ஈஸ்டன் ஊரில் துப்பாக்கியும் வயலினும் செய்த சாமுவேல் பிலிப்பி, 1840களில் பிளந்த மூங்கிலை ஒட்டிக் கழி செய்தது அதில்தான். நம் துறைமுகத்தின் பெயர் அந்த ஓடைக்கரைகளில் அப்படிப் புழங்கியது என்று படித்தபோது மனம் இனித்தது.

மூங்கிலைப் பிளந்து ஆறு பிளாச்சுகள் எடுத்து, ஒவ்வொன்றையும் 60 பாகை முக்கோணமாக இழைத்து, ஆறையும் சேர்த்து ஒட்டினால் அறுகோணக் கழி. நுனியில் ஒரு பிளாச்சின் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது. எவரெட் காரிசன் என்ற பொறியாளர் இந்தக் கனத்தை அடிமுதல் நுனிவரை கணக்குப் போட்டே வகுத்தார். அவர் மறைந்தபின் 1977இல் வந்த புத்தகம்தான் வீட்டில் கழி செய்கிறவர்களுக்கு ஆசான். கணக்கு என்னவானாலும் விதி ஒன்றுதான்: இழைப்புளி முக்கோணத்தின் உள்பக்கங்கள் இரண்டையும் மட்டுமே தொடலாம். தோல் இருக்கும் மூன்றாவது பக்கத்தில் மேல் மினுமினுப்பை லேசாகச் சுரண்டலாம், அவ்வளவுதான்.

நான் அங்கேதான் தவறினேன். ஒரு கணு சற்றே புடைத்து நின்றது. சூடு காட்டி அழுத்தியிருக்க வேண்டும். பொறுமையில்லாமல் தோல்பக்கத்தில் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டேன். கழி 52 கிராமில் முடிந்தது. மூன்றாவது நாள், ஒரு கையளவு மீனுக்கு, அதே கணுவில் முறிந்தது.

முறிந்த இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். தோலை ஒட்டிக் கரும்புள்ளிகளாக நார்க்கற்றைகள் நெருங்கிக் கிடந்தன. உள்ளே போகப் போகப் புள்ளிகள் விலகி, வெளிறிய சோறுதான் மிச்சம். நான் இழைத்த இடத்தில் கரும்புள்ளி வரிசையே இல்லை.

தொல்காப்பிய மரபியல் ஞாபகம் வந்தது. வெளியே வைரம் பாய்ந்தது புல், உள்ளே வைரம் பாய்ந்தது மரம் என்று பிரித்திருக்கிறார்கள். பள்ளியில் அதை வெறும் சூத்திரமாக உருப்போட்டேன். மூங்கில் புல் என்பதன் பொருள் அன்று என் கையில் முறிந்து கிடந்தது. மரத்தில் வேலை செய்கிறவன் வெளியே இருப்பதைச் செதுக்கித் தள்ளி உள்ளே வைரத்துக்குப் போகிறான். வாழ்க்கையையும் நான் அப்படித்தான் நினைத்திருந்தேன்: உள்ளே சாரம், வெளியே வெறும் தோல்.

அப்பாவுக்கு வேலை போன வருஷம் அம்மா வீட்டுச் செலவை இழைத்து இழைத்து எடுத்தாள். பால் பாதியானது, அவளுடைய புடவை இல்லாமலே போனது. வாசலுக்கு வந்தவருக்கு ஒரு டம்ளர் காபி என்பதை மட்டும் அவள் தொடவில்லை. வெளிப்பகட்டு என்று அதற்காகச் சண்டை போட்டிருக்கிறேன். அந்தக் காபியைக் குடித்தவர்களில் ஒருவர்தான் அப்பாவுக்கு அடுத்த வேலை சொன்னார். அது கிடைக்காமலே போயிருந்தாலும் அவள் செய்தது சரிதான். ஊரின் காற்றையும் வெயிலையும் தாங்கி நின்ற பக்கம் அது. எங்கள் வீட்டின் வைரம் அங்கேதான் இருந்தது. மெலிந்ததற்கும் நலிந்ததற்கும் உள்ள வித்தியாசம் தராசுக்குத் தெரியாது. 54 கிராம் கழியைச் செய்தவருக்குத் தெரிந்திருந்தது, அம்மாவுக்கும் தெரிந்திருந்தது.

இப்போது இரண்டாவது கழிக்கு ஆறு பிளாச்சுகள் பட்டறைப் பலகையில் கிடக்கின்றன. ஒவ்வொன்றின் தோல்பக்கத்திலும் பென்சிலால் நீளக் கோடு போட்டிருக்கிறேன். நாலு இழுப்புக்கு ஒரு தடவை பிளாச்சைத் திருப்பி, கோடு அப்படியே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.