கருவறையில் கேட்ட வாழ்த்து



தேவதாய் மலைநாட்டுக்கு விரைந்து சென்று எலிசபேத்தம்மாளை வாழ்த்தியதைச் செபமாலையின் சந்தோஷ தேவஇரகசியங்களில் இரண்டாவதாகத் தியானித்து வருகிறோம். மரியாயின் தாழ்ச்சியையும் பிறர்சிநேகத்தையும் பற்றி இதில் பல பிரசங்கங்கள் கேட்டிருப்பீர்கள். இன்று வேறொன்றைக் கவனியுங்கள். அந்த வீட்டில் மரியாயின் குரலுக்கு முதலில் மறுமொழி கொடுத்தவர் யார்? எலிசபேத்தம்மாள் வாய் திறக்குமுன்னே அவர் வயிற்றிலிருந்த சிசு துள்ளிற்று. வாழ்த்தொலி தம் காதில் விழுந்த கணமே அது நடந்ததென்று அத்தாயே சாட்சி சொல்கிறார்.

அப்பொழுது அவருக்கு ஆறாம் மாதம் என்று வானதூதர் அறிவித்திருந்தார். பரிசுத்த ஆவியின் செயலை வைத்திய நூலால் அளப்பது நம் நோக்கமன்று. ஆயினும் லூக்கா ஒரு வைத்தியர் என்பது திருச்சபையின் மரபு. அவர் குறித்துவைத்த அந்த ஆறாம் மாத அளவிலேதான் கருவிலுள்ள பிள்ளையின் உட்காது ஒலிகளை ஏற்கத் தொடங்குகிறது என்று இன்றைய வைத்தியமும் சொல்கிறது.

பிறந்தபின் நடப்பது இன்னும் வியப்பானது. 1980இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பிறந்து மூன்று நாளும் ஆகாத குழந்தைகளுக்குச் சூப்பி கொடுத்தார்கள். சூப்பும் விதத்துக்கேற்பத் தாயின் குரலோ வேறொரு பெண்ணின் குரலோ ஒலிக்கும். குழந்தைகள் தாயின் குரல் வரும்படியே சூப்பின! பின்லாந்து அறிஞர் ரிஸ்டோ நேட்டனனும் அவரைச் சேர்ந்தவர்களும் வேறொரு வழியில் ஆராய்ந்தார்கள். ஒரே ஒலியைத் திரும்பத் திரும்பக் கேட்கச் செய்து, இடையில் ஒன்றை மட்டும் சற்று மாற்றினால், அந்த மாற்றத்தை உணர்ந்து மூளையில் ஒரு சிறு மின் அலை எழுகிறது. 1978இல் பெரியவர்களிடம் கண்ட இதனை 1990இல் பிறந்த சிசுக்களிடமும் கண்டார்கள். குழந்தை உறங்கும்போதும் அதன் மூளை ஒலியின் மாற்றத்தைக் கவனித்துக்கொண்டிருக்கிறது. தேவாலயத்தில் படுத்திருந்த சிறுவன் சாமுவேலின் நினைவு வருகிறதல்லவா?

ஆனால் இந்தச் செவி எல்லா ஒலிக்கும் என்றென்றும் திறந்திருப்பதில்லை. ‘பத்து’ என்பதற்கும் ‘பட்டு’ என்பதற்கும் உள்ள வேறுபாடு நமக்குச் சாதாரணம். ஆங்கிலம் மட்டும் பேசுவோருக்கு அந்தத் தகரமும் டகரமும் ஒன்றுபோலவே கேட்கும். இந்தியிலும் இவ்விரண்டு ஒலிகள் உண்டு. கனடாவில் ஆங்கிலம் பேசும் வீடுகளின் குழந்தைகளுக்கு அவற்றைக் கேட்கச் செய்த ஆய்வொன்று 1984இல் வெளியாயிற்று. நம்மூரில் பல்லுக் கொழுக்கட்டை அவிக்கும் ஆறு, எட்டு மாத வயதில் அக்குழந்தைகள் வேறுபாட்டைக் கண்டுகொண்டன. ஒரு வயதை நெருங்கியபோதோ அத்திறன் பெரும்பாலும் மங்கிவிட்டது. வீட்டில் கேளாத ஒலியை மூளை தள்ளிவிடுகிறது. கேட்கும் ஒலியை இறுகப் பிடித்துக்கொள்கிறது.

அப்படியானால் ஒரு பெட்டியை முன்னால் வைத்து ஒலிக்கச் செய்தாற் போதுமா? 2003இல் வெளியான ஆய்வு இதற்கு விடை தருகிறது. ஒன்பது மாத அமெரிக்கக் குழந்தைகளோடு சீனமொழி பேசுவோர் பன்னிரண்டு முறை அமர்ந்து, புத்தகம் வாசித்தும் விளையாடியும் காட்டினார்கள். குழந்தைகள் சீன ஒலிகளைப் பிரித்தறிந்தன. அதே ஆட்களை அதே அளவு திரையில் மட்டும் பார்த்த குழந்தைகளோ ஒன்றையும் கற்கவில்லை.

இதை வாசித்தபோது அருளப்பர் நற்செய்தியின் தொடக்கமே மனதில் எழுந்தது. இறைவன் தம் வாக்கை வானத்திலிருந்து ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டு நிற்கவில்லை. வாக்கு மனுவுருவாகி, தாயின் மடியில் கிடந்து, தாய்மொழியை அவள் வாயிலிருந்தே கற்றார். (ஒலிபெருக்கி என்றதும் நம் திருவிழாக்கள் நினைவுக்கு வருகின்றன. விடியற்காலையில் அது அதிரும்போது அயல்வீட்டுத் தொட்டிலையும் சற்று எண்ணுவோம்.)

1990களில் விமான இரைச்சல் கேட்டதும் பிள்ளையை அணைத்துக்கொண்டு பதுங்குகுழிக்குள் இறங்கி, அந்த இருட்டில் ‘ஆராரோ’ சொன்ன தாய்மார் நம் பங்குகளில் இருக்கிறார்கள். அவர்களுக்கு மின்சாரம் இருக்கவில்லை, குரல் இருந்தது. இன்றோ சோறு தீத்தும்போதும் பிள்ளையின் முன் கைபேசி ஒளிர்கிறது. இளந்தாய்மாரே, களைப்பை அறிவேன், குறை சொல்லவில்லை. உலையில் அரிசி போடும்போதும் அதைப் பிள்ளையிடம் சொல்லிக்கொண்டே போடுங்கள். வெளிநாட்டில் பேரப்பிள்ளைகள் உள்ள அம்மம்மா, அப்பப்பாமாரும் மனம் தளர வேண்டாம்: மறுபுறத்தில் ஆள் நேரடியாக மறுமொழி சொல்லும் காணொளி அழைப்பில் இரண்டு வயதுப் பிள்ளைகள் சொற்களைக் கற்றதை 2014இல் வந்த ஆய்வு காட்டுகிறது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கதவு அடித்தாலும் திடுக்கிடாத, கூப்பிட்டாலும் திரும்பாத பிள்ளையை, “சுணங்கித்தான் பேசும்” என்று இரண்டு, மூன்று வருடம் விட்டுவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அந்த வருடங்கள் மூளைக்குத் திரும்பக் கிடையா. கைதடி நவீல்ட் பாடசாலையில் செவிப்புலனற்ற பிள்ளைகள் கற்று முன்னேறுவதை அறிவீர்கள். கைகளின் மொழியும் மொழியே. அதையும் பிந்தாமல் கொடுக்கவேண்டும்.

மாற்கு கூறும் காது கேளாதவனை ஆண்டவர் கூட்டத்தைவிட்டுத் தனியே அழைத்துச் சென்று, காதுகளில் விரலை இட்டு, ‘எப்பத்தா’ என்றார். ஞானஸ்நானத்தில் குரு குழந்தையின் செவியையும் வாயையும் தொட்டுச் செபிக்கும் வழக்கம் இதிலிருந்து வந்ததே. ஆனால் அம்மனிதன் தானாக வரவில்லை. சிலர் அவனைக் கூட்டிவந்தார்கள். ஐயம் இருந்தால், அடுத்த கிளினிக் நாள்வரை பாராமல் உங்கள் பகுதி மருத்துவமாதுவிடம் சொல்லி, பிள்ளையின் காதைப் பரிசோதிப்பியுங்கள்.