முயலகனும் வெந்நீரும்

ஆடல்வல்லான் திருவடியின்கீழ்க் கிடக்கும் குறள் உருவத்தை முயலகன் என்கிறோம். வலிப்பு நோய்க்கும் நம் முன்னோர் அப்பெயரையே வைத்தனர். கொல்லிமழவனின் மகள் இந்நோயால் வருந்தித் திருப்பாச்சிலாச்சிராமத்துத் திருக்கோயிலில் கிடந்ததையும், ஞானசம்பந்தர் அவளுக்காகப் பதிகம் பாடியதையும் பெரியபுராணம் கூறும். நோயும் பழையது, அதன்பால் நாம் கொண்ட அச்சமும் பழையது. ஆயினும் ஒரு வினா என்றும் புதியதாகவே நிற்கிறது. ஒருவன் தன் உடலில் நிகழ்வதைக் கூறுங்கால், அது நம் அறிவுக்குப் பொருந்தவில்லையெனில், பொய்யென ஒதுக்க நமக்கு உரிமை உண்டோ?

குமுளியின் குளிரில் வாழும் நமக்கு வெந்நீர் நாள்தோறும் வேண்டுவதொன்று. ஏலக்காட்டிலிருந்து திரும்பியவர்க்கு அடுப்பில் கொதிக்கும் அண்டாவே ஆறுதல். அந்த வெந்நீரைத் தலையில் ஊற்றினால் நினைவு தப்புகிறது என்று ஓர் இளைஞன் சொல்வதாகக் கொள்வோம். குளிக்கச் சோம்பல் என்பார் சிலர். காத்து கருப்பு என்பார் வேறு சிலர். வெந்நீரால் வலிப்பு வருமா என்று நகைப்போரும் உண்டு.

வரும் என்பதே மருத்துவம் தரும் விடை. வெந்நீர் வலிப்பு எனப்படும் இந்நோய் 1945-இல் நியூசிலாந்திலிருந்து மருத்துவ ஏட்டில் பதிவாயிற்று. எனினும் இது மிகுதியாகக் காணப்படுவது நம் தென்னிந்தியாவில்தான். பெங்களூரில் கே.எஸ். மணி முதலிய நரம்பியல் மருத்துவர்கள் 1970-களின் முற்பகுதியில் இதனை விரிவாக ஆராய்ந்தனர். 1988-இல் பி. சதீஷ்சந்திராவும் உடனுழைத்தோரும் 279 நோயாளிகளைப் பற்றி எழுதினர். ஏறத்தாழ 40 முதல் 50 பாகை வெப்பமுள்ள நீரைச் செம்பு செம்பாகத் தலையில் ஊற்றும்போது இவ்வலிப்பு எழுகிறது. சில குடும்பங்களில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கும் வருகிறது. வெப்பத்தைச் சீர்செய்யும் மூளைப்பகுதியின் மாறுபாடு இதற்குக் காரணமாகலாம் என மருத்துவர் கருதுகின்றனர்.

இங்கே நாம் கருதத்தக்க செய்தி ஒன்று உண்டு. வலிப்பு இல்லாத வேளையில் இந்நோயாளியரிற் பெரும்பாலோரின் மூளை மின்னலைப் பதிவு இயல்பாகவே இருக்கும். கருவி வாய் திறவாதபோது நோயாளியின் சொல்லும், உடனிருந்து கண்டவர் சொல்லுமே சான்று. அச்சொல்லைப் பொறுமையாகக் கேட்ட மருத்துவரே நோயை அறிந்தனர்.

அங்ஙனமாயின் நோயாளி சொல்வதையெல்லாம் ஏற்க வேண்டுமோ எனின், அன்று. நிகழ்ந்தது வேறு, நிகழ்ந்ததற்குக் கூறும் காரணம் வேறு. பேய் அறைந்தது என்று ஒருவர் சொன்னால், பேயை நாம் நம்ப வேண்டுவதில்லை. அவர் விழுந்ததை நம்ப வேண்டும். காரணத்தை ஆராய்வது அறிவு. துன்பத்தை ஐயுறாமை அறம். இவ்விரண்டும் ஒருங்கே அமைந்தவரே நல்ல மருத்துவர். நல்ல அண்டை வீட்டாரும் அவரே.

மலையேறி வந்து பிழைக்கும் குடும்பங்கள் நோயை மறைப்பது பெரும்பாலும் பெண் கொடுக்கல் வாங்கலை எண்ணியே. ஒரு காலத்தில் சட்டமும் அவ்வச்சத்துக்குத் துணை நின்றது. தொடர்ந்து வலிப்பு வருதலை மணத்தடையாக வைத்திருந்த இந்து திருமணச் சட்டத்திலிருந்து அச்சொல் 1999-ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீங்கியது. ஏட்டிலிருந்து நீங்கிய சொல் நம் திண்ணைப் பேச்சிலிருந்தும் நீங்கியதா? நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெந்நீர் வலிப்பினர் பலருக்கு நீரின் சூட்டைக் குறைத்தலும், தலையில் நேரே ஊற்றாமையுமே பெரும் பயன் தருகின்றன. சிலருக்குத் தலைக்குக் குளிக்குமுன் மருத்துவர் குறிக்கும் மாத்திரை வேண்டும். குளியாத போதும் வலிப்பு வருவோர்க்கு நாள்தோறும் மருந்து வேண்டும். இத்துணை எளிய தீர்வு இருக்க, நாணத்தால் ஒருவன் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே விழுந்து கிடப்பானாயின், அக்குற்றம் நோயினது மட்டுமன்று, நம்முடையதும் ஆகும்.

வலிப்புற்றவர் கையில் இரும்பைத் திணிப்பதால் பயனில்லை. வாயில் எதனையும் இடலாகாது. ஒருபுறமாகச் சாய்த்துக் கிடத்தி, ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதே முறை. கண் விழித்தபின் அவரிடம் என்ன நேர்ந்தது என்று கேட்போம். அவர் சொல்லி முடிக்கும்வரை இடைமறியாதிருப்போம்.