பூஞ்சை பூத்த ரொட்டியும் வீண்விரயமும்

நெய்வேலியில் ஒரு ஜும்ஆ பயானில் வீண்விரயத்தைப் பற்றிப் பேசினேன். கீழே விழுந்த கவளத்தையும் தூசு நீக்கி உண்ணும்படி நாயகம் (ஸல்) அவர்கள் சொல்லியிருப்பதை எடுத்துரைத்தேன். மறுவாரம் சுரங்கத்தில் வேலை பார்க்கும் சகோதரர் ஒருவர் வந்தார். "ஹஜ்ரத், நீங்கள் சொன்னதை வீட்டில் போய்ச் சொன்னேன். அதிலிருந்து அம்மா பூஞ்சை பிடித்த ரொட்டியையும் சுரண்டிவிட்டுச் சாப்பிடுகிறார்கள். ரிஸ்க்கை எறிந்தால் பாவமாம்" என்றார்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நான் சொன்னதில் பிழையில்லை; சொல்லாமல் விட்டதில்தான் பிழை.

தூசு மேலே ஒட்டுவது. பூஞ்சை அப்படியல்ல. நம் கண்ணுக்குத் தெரியும் பச்சைப் பொட்டு அதன் பூப்போன்றது. நூல் போன்ற அதன் வேர்கள் அதற்கு முன்பே ரொட்டிக்குள் ஓடியிருக்கும். உறைந்த நெய்யில் எலி செத்துக் கிடந்தால் அதையும் சுற்றியுள்ளதையும் எறிந்துவிட்டு மீதியை உண்ணலாம், உருகிய நெய்யானால் கூடாது என்று படிக்கிறோம். அந்த மஸ்அலா நஜீஸைப் பற்றியது. பூஞ்சை நஜீஸ் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கெடுதி எதுவரை பரவியிருக்கிறது என்று பார்க்கும் வழியை அது கற்றுத் தருகிறது. ரொட்டியோ மெத்தென்று துளை நிறைந்த பண்டம். உடலுக்குக் கேடானதை உண்ணக் கூடாது என்பதில் ஹனஃபீ, ஷாஃபியீ இரு மத்ஹபிலும் பேதமில்லை.

1974-ல் ராஜஸ்தான், குஜராத் பழங்குடிக் கிராமங்களில் பருவம் தவறிய மழையில் நனைந்த மக்காச்சோளத்தைப் பூஞ்சை பிடித்தது. வேறு தானியமில்லாத ஏழைகள் அதையே தின்றார்கள். காமாலை கண்டு வயிறு வீங்கியது. கணக்கில் வந்த 397 நோயாளிகளில் 106 பேர் இறந்தார்கள். அதே உணவைத் தின்ற நாய்களும் செத்தன. பூஞ்சை சுரந்த அஃப்ளாடாக்ஸின் என்னும் நஞ்சே காரணம் என்று ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் கண்டறிந்தார்கள். சமையல் சூட்டில் அது முழுவதும் அழியாது. ரொட்டியில் வரும் பூஞ்சையெல்லாம் அந்த வகையல்ல. ஆனால் எது நஞ்சு, எது இல்லை என்று கண்ணால் பிரிக்க நம்மால் ஆகாது. பென்சிலினும் பூஞ்சையிலிருந்து வந்ததுதானே என்று ஓர் இளைஞர் கேட்டார். பாம்பின் விஷத்திலிருந்தும்தான் மருந்து எடுக்கிறார்கள்!

இன்னொன்று மனத்தை உறுத்துகிறது. எறிய மனமின்றி, பாத்திரம் துலக்க வரும் பெண்ணிடம் அந்த ரொட்டியைக் கொடுத்துவிடுவது. தனக்குக் கொடுத்தால் கண்ணை மூடிக்கொண்டல்லாமல் வாங்கமாட்டாத மட்டமானதைத் தர்மம் செய்ய நாடக்கூடாது என்று அல்லாஹ் சூரத்துல் பகராவில் தடுத்திருக்கிறான். மாட்டுக்குப் போட்டால் போயிற்று என்பதும் சரியல்ல. தீவனத்திலுள்ள அந்த நஞ்சு பாலிலும் இறங்கும்.

அப்படியானால் விரயம் எங்கே நடந்தது? எறிந்த நாளில் அல்ல. ஐப்பசி மழையில் குவார்ட்டர்ஸ் சுவரே வியர்க்கும்போது, இரண்டு பேருக்கு ஒரு முழு ரொட்டி வாங்கி மூடி வைத்தோமே, அன்றைக்கே நடந்துவிட்டது. தவ்பா செய்ய வேண்டியது அதற்குத்தான்.

அந்த அம்மாவிடம் போய் இதைச் சொன்னேன். "குப்பையில் போட மனசு வரலையே, ஹஜ்ரத்" என்றார்கள். மண்ணில் புதைத்துவிடலாம் என்றேன். முருங்கை மரத்தடியில் மகன் குழி தோண்டினார்.