அகலிகையும் கதைமுடிவின் அறமும்

சிறுகதைக்கென இருண்ட கருக்கள் பல முன்னிற்கையில் ஒன்றைக் கொண்டு மற்றவற்றை விலக்குவது கலைநுட்பம் சார்ந்த முடிவாகவே பெரும்பாலும் கருதப்படுகிறது. ஆயினும் ஒரு பாத்திரத்திற்கு நேரும் கேட்டுக்கு யார் பொறுப்பு என்பதை அத்தேர்வே தீர்மானித்துவிடுவதால், அது அறவியலுக்கும், கதையில் தெய்வம் இடம்பெறுமாயின் இறையியலுக்கும் உரிய வினாவாகிறது.

இத்தேர்வை முறையாக ஆராய்ந்தவர்களுள் கி.மு. 4ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரிஸ்டாட்டில் முதன்மையானவர். தம் ‘கவிதையியல்’ நூலின் 14ஆம் இயலில், உற்றாருக்குள் நிகழும் கொடுஞ்செயலை, செய்பவர் அறிந்து செய்கிறாரா, செயல் நிறைவேறுகிறதா என்னும் இரண்டு அளவுகளால் அவர் வகைப்படுத்துகிறார். தன் மக்களைத் தெரிந்தே கொல்லும் மெடியாவின் கதையைவிட, அறியாமல் செய்துவிட்டுப் பின்னர் உண்மை உணரும் ஈடிபஸின் கதை மேலானது என்றும், செய்யப்போகும் தறுவாயில் உறவை அடையாளம் கண்டு கை தடைப்படும் கதை எல்லாவற்றிலும் சிறந்தது என்றும் அவர் கூறுகிறார். முந்தைய இயலிலோ துன்பத்தில் முடிவதே சிறந்த துன்பியல் என்று அவரே சொல்லியிருக்கிறார். அறிஞர்கள் பலவாறு சமாதானம் சொல்லும் இம்முரண், இருளின் அளவைக் கொண்டு கதையைத் தேர்ந்துவிட முடியாது என்பதற்குச் சான்றாகவே தோன்றுகிறது.

அரிஸ்டாட்டில் காட்டும் ‘அறிதல்’ என்னும் அளவை, கௌதம முனிவரின் மனைவியான அகலிகையின் கதையின் மேல் வைத்துப் பார்த்தால், ஒவ்வொரு புலவரும் குற்றத்தை வேறுவேறு இடத்தில் வைத்திருப்பது புலனாகும். வான்மீகியின் பாலகாண்டத்தில், முனிவர் வேடத்தில் வந்தவன் இந்திரன் என்பதை அகலிகை அறிந்தே இசைகிறாள். கௌதமரின் சாபத்தால் பிறர் கண்ணுக்குப் புலப்படாமல், காற்றையே உணவாகக் கொண்டு சாம்பலில் கிடக்கிறாள். கம்பரின் அகலிகை இடையில் உணர்ந்தும் விலகாமல் நின்று கல்லாகிறாள். அதே கம்பர், அவள் இராமனால் மீண்டெழுந்த பின், நெஞ்சால் பிழை செய்யாதவள் என்ற சொல்லோடுதான் அவளைக் கௌதமரிடம் சேர்ப்பிக்கச் செய்கிறார். உடலின் செயலையும் உள்ளத்தின் இசைவையும் பிரித்துப் பார்க்கும் பெரிய சிக்கலைத் திறந்துவைத்துவிட்டு, அதைத் தீர்க்காமலேயே அவர் மேலே சென்றுவிடுகிறார்.

சிறுகதையாசிரியர் புதுமைப்பித்தன் இக்கதையை இருமுறை கையாண்டார். முதலில் எழுதிய ‘அகல்யை’யில் கௌதமர் சபிக்காமல் பொறுத்துக்கொள்வதால், இருள் மனித அளவிலேயே தணிந்துவிடுகிறது. 1943இல் ‘கலைமகள்’ இதழில் வெளிவந்த ‘சாப விமோசன’த்தில் அவர் தேர்ந்த கரு இதனினும் கடுமையானது. அகலிகை அறியாமல் அகப்பட்டவள், மன்னிக்கவும் பட்டவள், எனினும் தன்னை மீட்ட இராமனே சீதையைத் தீக்குளிக்கச் சொன்னான் என்று சீதையின் வாயாலேயே கேட்ட பிறகு, அவள் மறுபடியும் கல்லாகிவிடுகிறாள். அரிஸ்டாட்டிலின் பகுப்பில் இதற்கு இடமில்லை. ஏனெனில் இங்கே கேடு பிழையிலிருந்து விளையாமல், பிழை பொறுக்கப்பட்டுப் பல காலம் கழிந்தபின், பொறுத்தவனின் நடத்தையிலிருந்தே விளைகிறது. உள்ளத்தூய்மை போதும் என்று ஒருத்திக்கு அருளப்பட்ட தீர்ப்பு மற்றொருத்திக்குப் போதாமற்போனால் அந்த அருளின் தகுதி என்ன என்பதே கதை எழுப்பும் சமய வினா. கௌதமரின் பொறுமையோடு முடியும் முதற்கதையில் இவ்வினா எழ வழியே இல்லை; ஆகவே பின்னதன் கூடுதலான இருள் வாசகரை வதைப்பதற்கென்று சேர்க்கப்பட்டதன்று.

பக்தி மரபு இத்தகைய இருளைக் குறைக்க முயன்றதும் உண்டு. இராமனைப் பரம்பொருளாகப் போற்றும் அத்யாத்ம ராமாயணத்தில், இராவணன் கவர்ந்து சென்றது மாயாசீதையை, அதாவது உண்மைச் சீதை தீயினுள் மறைந்திருக்க அவளுக்கு மாற்றாக நின்ற நிழலுருவை. எனவே தீக்குளிப்பு அங்கே சோதனையாக இல்லாமல் உண்மைச் சீதை வெளிப்படும் வாயிலாகிறது. கம்பரோ சீதை காட்டுக்கு அனுப்பப்படும் உத்தரகாண்டத்தைப் பாடாமல், முடிசூட்டு விழாவோடு நிறுத்திக்கொண்டார். இவையும் கதைத்தேர்வுகளே, தெய்வத்தின் மேல் பழி படியாமல் காக்கும் அக்கறையிலிருந்து எழுந்தவை என்பதால் எளிதாகப் புறந்தள்ளத் தக்கவையும் அல்ல. ஆனால் மாயாசீதை என்னும் தீர்வு சீதை ஒருத்திக்கே பயன்படுகிறது. அத்யாத்ம ராமாயணத்திலும்கூட அகலிகைக்கு மாற்றாக நிற்க நிழல் எதுவும் படைக்கப்படவில்லை. வஞ்சத்தையும் சாபத்தையும் அவள் தன் மெய்யுடலிலேயே ஏற்கவேண்டியிருந்தது.