மறுபடியும் எழுது!

1982 ஆகஸ்ட் மாதம். மே மாதம் எழுதித் தேறிய பரீட்சையைப் பன்னிரண்டு பிள்ளைகள் மறுபடியும் எழுத உட்காருகிறார்கள். ஏன்? முதல் தடவை காப்பியடித்திருப்பார்களோ என்று சந்தேகம்!

கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் இருக்கிறது கார்ஃபீல்டு உயர்நிலைப் பள்ளி. பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளி உழைப்பாளிக் குடும்பத்துப் பிள்ளைகள். அந்த வருஷம் 18 பேர் ஏ.பி. கால்குலஸ் எழுதினார்கள். கல்லூரிக் கணக்கைப் பள்ளியிலேயே எழுதும் பரீட்சை அது. பதினெட்டுப் பேரும் பாஸ். பாராட்டு வரவேண்டிய வீட்டுக்கு வந்ததோ சந்தேகக் கடிதம். பதினான்கு விடைத்தாள்களை நம்பவில்லை, தேர்வை நடத்திய இ.டி.எஸ். நிறுவனம். மனம் கொதிக்காதா? கொதித்தது. ஆனால் பன்னிரண்டு பேர் பேனாவைக் கையில் எடுத்தார்கள். பாடத்தை விட்டு மூன்று மாதம் ஆகியிருந்தது. பன்னிரண்டு பேரும் மறுபடியும் பாஸ்!

இவர்களை உருவாக்கியவர் ஹைமே எஸ்கலாந்தே. பொலிவியாவில் பெயர் பெற்ற ஆசிரியர். அமெரிக்காவுக்கு வந்தபோது ஆங்கிலம் சரியாக வராது. கையில் இருந்த பொலிவியப் பட்டமும் அங்கே செல்லவில்லை. ஓட்டலில் தரை துடைத்தார். இரவில் கல்லூரிக்குப் போனார். மறுபடியும் பட்டம் வாங்கினார். 1974இல் கார்ஃபீல்டில் கால் வைத்தபோது வயது 43. அவரே ஒருமுறை 'மறுபடியும்' எழுதி வந்தவர்தான்!

சமையல்காரரின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்து, ஆப்பிளைக் கத்தியால் வெட்டிப் பின்னம் சொல்லிக் கொடுத்தார். கால்குலஸுக்கான பயணம் அந்த ஆப்பிள் துண்டிலிருந்துதான் தொடங்கியது.

இந்தக் கதையைச் சினிமாவாக எடுத்தார்கள். பார்த்தவர்களுக்கு ஏதோ ஓரிரு வருஷத்து அற்புதம் போலத் தோன்றும். இல்லை! முதல் கால்குலஸ் வகுப்பையே அவர் 1978இல்தான் தொடங்கினார். அதில் தேறாமல் போனவர்களும் உண்டு. 1981இல் எழுதிய 15 பேரில் 14 பேர் தேறினார்கள். பள்ளிக்குள் நுழைந்து எட்டு வருஷம் உழைத்த பிறகு கிடைத்ததுதான் 1982.

தனி ஆளாகவும் அவர் இதைச் சாதித்துவிடவில்லை. சீக்கிரம் வருகிறார், நேரம் கழித்துப் போகிறார் என்று அவரை மிரட்டிய நிர்வாகமும் அங்கே இருந்தது. ஹென்றி கிராடியாஸ் முதல்வராக வந்த பிறகே காற்று திசை மாறியது. 1987இல் கிராடியாஸ் விலகினார்; 1991இல் எஸ்கலாந்தேயும் போனார். அதன் பின் கால்குலஸில் தேறுவோர் எண்ணிக்கை சரிந்தது. தலைமையாசிரியர்களே, இதைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். எரிகிற விளக்குக்கு எண்ணெய் ஊற்றுவது உங்கள் கை!

எஸ்கலாந்தே வகுப்பில் ஓயாமல் சொன்ன ஸ்பானியச் சொல் ஒன்று உண்டு: 'கனாஸ்'. வேட்கை என்று பொருள். உனக்கு மூளை இருக்கிறதா என்று அவர் கேட்கவில்லை; வேட்கை இருக்கிறதா என்றுதான் கேட்டார்.

தம்பி, தங்கையே! உன் வெற்றியை ஊர் நம்பவில்லையா? அழுது பொழுதைக் கழிக்காதே. இன்னொரு விடைத்தாளைக் கேட்டு வாங்கு. போன வாரம் தப்பாகப் போட்ட அந்தக் கணக்கை, இன்றைக்கே, முதல் வரியிலிருந்து மறுபடியும் போடு!