முதல் கேட் யாருக்கு?

1946-இல் பிரிட்டனில் ஸ்பீட்வே என்னும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் நேஷனல் லீக், போரால் ஆறு ஆண்டுகள் முடங்கிக் கிடந்த பிறகு, மறுபடி தொடங்கியது. ஆறு அணிகள். லண்டனில் வெம்பிளி, வெஸ்ட் ஹாம், விம்பிள்டன், நியூ கிராஸ். வடக்கே மான்செஸ்டரின் பெல் வியூவும் யார்க்‌ஷயரின் பிராட்ஃபோர்டும். போருக்கு முந்தைய அணிகள் கலைந்துபோயிருந்தன. பல வீரர்கள் ராணுவத்துக்குப் போய்த் திரும்பியிருந்தார்கள். ஆஸ்திரேலியர்களில் பலர் போர் மூண்டதும் ஊருக்குக் கப்பல் ஏறியவர்கள். பெல் வியூ மட்டும் போர்க்காலம் முழுவதும் பந்தயம் நடத்திக்கொண்டே இருந்தது. பழைய ஏற்பாட்டை அப்படியே விட்டிருந்தால் போட்டி தொடங்குமுன்பே ஒருதலைப்பட்சமாக முடிந்திருக்கும். எனவே இருக்கிற வீரர்களை எல்லாம் ஒரே தொகுப்பில் போட்டு, தரம் பிரித்து, ஆறு அணிகளுக்கும் பங்கிட்டார்கள். பெல் வியூவின் நட்சத்திரமாக இருந்த பில் கிச்சன் வெம்பிளிக்குப் போனார். போருக்கு முன் ஹாரிங்கேயில் ஓட்டிய ஜாக் பார்க்கர் பெல் வியூவுக்கு வந்தார்.

இது நிர்வாக வசதிக்காக எடுத்த முடிவு. தத்துவம் பேச யாரும் அங்கே உட்காரவில்லை. ஆனாலும் அறவியலில் பழைய கேள்வி ஒன்று இதற்குள் இருக்கிறது. வெற்றி ஒருவருக்கு ‘உரியது’ என்று எப்போது சொல்லலாம்? அதில் தற்செயலின் பங்கு எவ்வளவு இருந்தால் அந்தச் சொல் பொருளிழக்கும்?

கேள்வி ஸ்பீட்வேயில் ஏன் இவ்வளவு கூர்மையாக எழுகிறது என்பது பந்தயத்தைக் கிட்டத்தில் பார்த்தால் புரியும். நான்கு வீரர்கள், நீள்வட்டத் தடம், நான்கு சுற்று. ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே ஆனால் கதை முடிந்தது. 500 சிசி வண்டி. அந்தக் காலத்தில் எஞ்சின் பெரும்பாலும் ‘ஜாப்’ என்று அழைக்கப்பட்ட ஜே. ஏ. பிரெஸ்ட்விச் நிறுவனத்துடையது. பிரேக் கிடையாது, கியர் ஒன்றே ஒன்று, எரிபொருள் மெத்தனால். எஞ்சினுக்கு விளக்கெண்ணெய் கலந்த எண்ணெய் ஊற்றுவார்கள். அது எரியும் வாசனை அரங்கம் முழுக்கப் பரவி நிற்கும். வீரரின் இடது பூட்ஸுக்கு அடியில் ஓர் இரும்புத் தகடு. வளைவில் இடது காலைத் தரையில் தேய்த்தபடி, பின் சக்கரத்தை வெளிப்பக்கம் வழுக்கவிட்டு, முன் சக்கரத்தை வலப்பக்கம் திருப்பி, இடப்பக்கம் திரும்புவார்.

தொடக்கக் கோட்டில் மேலே எழும் நாடாக்களுக்குப் பின்னால் நான்கு இடங்கள். அவற்றுக்குக் கேட் என்று பெயர். உள்பக்கம் இருக்கும் முதல் கேட்டிலிருந்து முதல் வளைவுக்குத் தூரம் குறைவு. முதல் வளைவில் முந்தியவரைப் பிடிப்பது கடினம், ஏனென்றால் பின்னால் வருபவர் முகத்தில் அவருடைய சக்கரம் வாரி இறைக்கும் கல்தூள்தான் விழும். ஆகவே யார் எந்தக் கேட்டில் நிற்கிறார் என்பதிலேயே பந்தயத்தின் பாதி அடங்கியிருக்கிறது. அதற்கும் திறமைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இந்தத் தற்செயலை விளையாட்டு ஒளித்துவைக்கவில்லை, கணக்கெழுதி வைத்தது. தனிநபர் இறுதிப் போட்டியில் 16 வீரர்கள், 20 ஓட்டங்கள், ஒவ்வொருவருக்கும் ஐந்து வாய்ப்பு. அட்டவணையின் அழகு என்னவென்றால், ஒவ்வொரு வீரரும் மற்ற பதினைந்து பேரையும் சரியாக ஒருமுறை சந்திப்பார்; கூடவும் இல்லை, குறையவும் இல்லை. வடிவியல் படித்தவர்களுக்கு இது வேறொரு பெயரில் தெரியும்: 16 புள்ளிகளும் 20 கோடுகளும் கொண்ட தளம், எந்த இரு புள்ளிகளையும் இணைக்கும் கோடு ஒன்றே ஒன்று. எதிராளிகள் விஷயத்தில் இதைவிட நேர்மையான பங்கீடு இருக்க முடியாது. கேட் விஷயத்தில் மட்டும் கணக்கு இடறுகிறது. கேட் நான்கு, வாய்ப்பு ஐந்து. எப்படி மாற்றிப் போட்டாலும் ஒவ்வொருவருக்கும் ஏதாவதொரு கேட் இரண்டாம் முறை வந்தே தீரும். அது உள்பக்கமாக அமைகிறவரும் உண்டு, வெளிப்பக்கமாக அமைகிறவரும் உண்டு.

தடமும் அப்படியே இருப்பதில்லை. ஓட்டத்துக்கு ஓட்டம் சக்கரங்கள் கல்தூளை வெளியே தள்ளிக்கொண்டே போகும். உள்பக்கம் வழவழப்பாகும், வெளிப்பக்கத்தில் பிடிமானம் கூடும். முதல் ஓட்டத்தில் பொன்னாக இருந்த கேட் இருபதாவதில் பித்தளையாகலாம்.

அமெரிக்க மெய்யியலாளர் ஜான் ரால்ஸ் 1971-இல் வெளியிட்ட நூலில் நீதியான நடைமுறைகளை மூன்றாகப் பிரித்தார். கேக்கை வெட்டுகிறவரே கடைசித் துண்டை எடுக்க வேண்டும் என்பது முதல் வகை: எது நியாயம் என்று முன்கூட்டியே தெரியும், அதை அடைய உறுதியான வழியும் உண்டு. குற்ற விசாரணை இரண்டாவது: எது நியாயம் என்று தெரியும், உறுதியான வழி கிடையாது. சூதாட்டம் மூன்றாவது: விதிப்படி நடந்தது என்பதைத் தவிர முடிவைச் சரிபார்க்க வேறு அளவுகோலே இல்லை. ஸ்பீட்வே எந்த வகை? மிகச் சிறந்த வீரரைக் கண்டுபிடிப்பதே நோக்கம் என்றால் இரண்டாவது. விதிப்படி அதிகப் புள்ளி எடுத்தவரே சிறந்தவர், அதற்கு அப்பால் ‘உண்மையான சிறந்தவர்’ என்று ஒருவர் இல்லை என்றால் மூன்றாவது.

இந்தப் பிளவு 1936-இல் வெம்பிளியில் நடந்த முதல் உலக இறுதிப் போட்டியிலேயே வெளிப்பட்டது. முந்தைய சுற்றுகளில் எடுத்த போனஸ் புள்ளிகளை வீரர்கள் இறுதிக்குக் கூடவே கொண்டுவந்தார்கள். ஆஸ்திரேலியர் புளூயி வில்கின்சன் அன்று ஐந்து ஓட்டங்களிலும் முதலாவதாக வந்து 15 புள்ளி எடுத்தார். போனஸ் 10 சேர்த்து மொத்தம் 25. லயனல் வான் பிராக்கும் எரிக் லாங்டனும் அன்று ஆளுக்கோர் ஓட்டத்திலாவது தோற்றவர்கள். ஆனால் போனஸோடு 26 ஆகிவிட்டது. இருவருக்குமிடையே நடந்த தனி ஓட்டத்தில் வான் பிராக் உலக சாம்பியன் ஆனார். அன்று யாரிடமும் தோற்காத மனிதருக்கு மூன்றாமிடம். விதியைக் குறை சொல்ல முடியாது, எல்லாருக்கும் முன்பே தெரிந்த விதிதான். ஆயினும் ஏதோ தவறு நடந்துவிட்டது என்று மனம் அடித்துக்கொள்கிறதே, அது ஸ்பீட்வேயை நாம் சூதாட்டமாகப் பார்க்கவில்லை என்பதற்குச் சான்று. வில்கின்சன் 1938-இல் பட்டத்தை வென்றுவிட்டார் என்பது ஆறுதல்தான். 1936-இன் கணக்கை அது நேர்செய்யாது.

1946-இன் பங்கீட்டுக்குத் திரும்பினால், ரால்ஸின் இன்னொரு வாதம் நேராகவே பொருந்துகிறது. பிறவியில் வாய்த்த திறன் ஒருவர் சம்பாதித்தது அல்ல. திறன்கள் மக்களிடையே பரவியிருக்கும் விதத்தை ஒரு பொதுச் சொத்தாகக் கருதலாம் என்றார் அவர். அவர் அதை எழுதுவதற்கு 25 ஆண்டுகளுக்கு முன்பே ஸ்பீட்வேக்காரர்கள் அதைச் செய்து பார்த்துவிட்டார்கள். ஒரு வேறுபாடு உண்டு. ரால்ஸ் பங்கிடச் சொன்னது திறமையின் பலன்களை. 1946-இல் பங்கிடப்பட்டவர்கள் திறமைசாலிகள். பில் கிச்சன் லங்காஷயர்க்காரர். பெல் வியூ அவர் வீட்டுப் பக்கம். வெம்பிளி இருப்பது தெற்கே, லண்டனில்.

மெய்யியலாளர் ராபர்ட் நோசிக் 1974-இல் ரால்ஸுக்கு மறுப்பு எழுதியபோது எடுத்துக்கொண்ட உதாரணமும் ஒரு விளையாட்டு வீரர்தான், கூடைப்பந்தாட்டக்காரர் வில்ட் சேம்பர்லின். அவர் ஆடுவதைப் பார்க்க மக்கள் தாமாக விரும்பி ஆளுக்குக் கால் டாலர் கொடுத்தால் அந்தப் பணத்தில் வேறு யாருக்கு என்ன பங்கு என்று கேட்டார். ஸ்பீட்வே வீரருக்கு இந்தக் கேள்வி இன்னும் நெருக்கம். அவருக்கு மாதச் சம்பளம் கிடையாது. ஓட்டத்துக்கு இவ்வளவு, புள்ளிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. கழுத்து முறிந்தால் முறிவது அவர் கழுத்து. அந்த மனிதரை அணிகளின் சமநிலைக்காக ஒரு காய்போல நகர்த்தினால், மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்ற மெய்யியலாளர் காண்ட்டின் கட்டளை மீறப்படுகிறது. பங்கீடு தற்செயலை ஒழித்துவிடவில்லை. அணிகளின் தலையில் இருந்ததை இறக்கி வீரர்களின் தலையில் வைத்தது. ரசிகருக்கு அது நியாயம், லீக்குக்கு அவசியம், வீரருக்குக் கடன். கேட் அட்டவணை செய்தது வேறு: அது சுமையை எல்லார் தோளுக்கும் முறைவைத்து மாற்றியது. இரண்டில் அட்டவணையே மேல்.

விபத்திலும் இதே கேள்வி வருகிறது. ஒருவர் விழுந்து ஓட்டம் நிறுத்தப்பட்டால், அதற்கு மூல காரணம் யார் என்று, அந்தக் காலத்தில் ஸ்டூவர்ட் எனப்பட்ட நடுவர் முடிவு செய்வார். அவர் காட்டுகிற வீரர் மறு ஓட்டத்திலிருந்து விலக்கப்படுவார். வேண்டுமென்று மோதினாரா, சங்கிலி அறுந்ததா என்பது பெரிதல்ல. பின்னால் வந்தவர் விழுந்தவர்மேல் ஏறிவிடாமலிருக்கத் தன் வண்டியைத் தானே தரையில் சாய்த்தால் அவருக்கு மறு ஓட்டத்தில் இடம் உண்டு. 1976-இல் மெய்யியலாளர்கள் பெர்னார்ட் வில்லியம்ஸும் தாமஸ் நேகலும் ‘அறத்தில் அதிர்ஷ்டம்’ என்று விவாதித்தது இதைத்தான்: ஒரே கவனக்குறைவு ஒருவரிடம் விளைவின்றிப் போகிறது, இன்னொருவரைக் குற்றவாளியாக்குகிறது.

அரசும் தன் பங்குக்கு ஒரு தீர்ப்பு சொன்னது, கேளிக்கை வரி வழியாக. கால்பந்துக்கும் கிரிக்கெட்டுக்கும் கிடைத்த குறைந்த விகிதம் ஸ்பீட்வேக்குக் கிடைக்கவில்லை. டிக்கெட் பணத்தில் ஏறக்குறைய பாதி கருவூலத்துக்குப் போனது. ஓடுவது இயந்திரம், மனிதர் அல்ல என்பது அதன் உட்பொருள். ஒரே தொழிற்சாலையின் எஞ்சின்களை ஏறக்குறைய எல்லாரும் ஓட்டிய விளையாட்டில் இந்த வாதம் விநோதமானது. கருவி எல்லாருக்கும் பொது என்றால், மிஞ்சும் வேறுபாடு கையிலும் காலிலும் துணிவிலும்தானே இருக்க முடியும்? பத்துப் பன்னிரண்டு வருடம் ஆடிய பிறகும் வளைவின் எந்த இடத்தில் ஆக்சிலரேட்டரை விட வேண்டும் என்று படித்துக்கொண்டிருந்த மனிதர்களை, வரி அதிகாரி வண்டியின் உதிரிபாகமாகக் கணக்கில் எடுத்துக்கொண்டார்.

1946 பருவம் முடிந்தபோது லீக் பட்டம் வெம்பிளிக்கும், நேஷனல் டிராபி பெல் வியூவுக்கும் போயின. வெம்பிளி அரங்கில் நடந்த தனிநபர் சாம்பியன்ஷிப்பை அதே அணியின் டாமி பிரைஸ் வென்றார். 1949-இல் உலகப் போட்டி மீண்டும் தொடங்கியபோது ஓர் ஓட்டத்திலும் தோற்காமல் அதையும் வென்று, உலக சாம்பியனான முதல் ஆங்கிலேயர் ஆனார். அதற்குள் போனஸ் புள்ளி முறை போய்விட்டது.

சமமாகத் தொடங்கிய ஆறு அணிகள் சமமாக நீடிக்கவில்லை. வெம்பிளி மேலாளர் அலெக் ஜாக்சன் ரை ஹவுஸ் தடத்தில் புதுமுகங்களைப் பழக்கினார். பின்னாளில் இருமுறை உலக சாம்பியனான வேல்ஸ்காரர் ஃபிரெடி வில்லியம்ஸ் அங்கிருந்து வந்தவர். இதை அதிர்ஷ்டம் என்று தள்ள முடியாது. பெரிய அரங்கும் பெருங்கூட்டமும் இருந்ததால்தான் பழக்குவதற்குப் பணம் இருந்தது என்பதையும் மறுக்க முடியாது. 1946 முதல் 1953 வரை எட்டுப் பருவங்களில் ஏழில் லீக் பட்டம் வெம்பிளிக்கே போனது. தவறிய ஒன்று 1948. அந்த ஆண்டு வெம்பிளி அரங்கம் ஒலிம்பிக்குக்குத் தேவைப்பட்டதால், அணி தன் சொந்தப் பந்தயங்களை விம்பிள்டன் தடத்தில் இரவலாக ஓட்டியது. பட்டம் நியூ கிராஸுக்குப் போயிற்று. அவர்களுடைய தடம் ஒரு சுற்றுக்கு 262 கெஜம்தான். ரசிகர்கள் அதை ‘வாணலி’ என்று அழைத்தார்கள்.